பாஸ்டன் காவலர் வேலைநிறுத்தம், 1919: சம்பளம் தர வேண்டியவர் யார்?

பழைய ஏடு (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். காவலர் ஊதியம் பற்றிப் பேச்சு வந்தாலே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1919-இல் காவலர்கள் செய்த வேலைநிறுத்தத்தைப் பூச்சாண்டியாகக் காட்டுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. "காவலருக்குச் சங்கம் கொடுத்தால் பாஸ்டனைப்போல ஊரே கொள்ளை போகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொள்ளை நடந்தது இரண்டு இரவுகள். அதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் அந்தக் காவலர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். அதைப் பேசத்தான் இந்த இழை.

புதிதாகச் சேர்ந்த காவலருக்கு முதலாண்டில் 730 டாலர், அதாவது நாளுக்கு 2 டாலர். அடுத்த ஆண்டு 821 டாலர் 25 சென்ட். ஆறு ஆண்டு ஓட்டினால் 1,400 டாலர். சீருடையும் சாமான்களும் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அதற்கே 200 டாலருக்கு மேல் ஆகும். முதலாண்டுக்காரருக்கு இது மூன்று மாதச் சம்பளத்துக்கும் அதிகம். 1913 முதல் 1919 மே வரை விலைவாசி 76 சதவீதம் ஏறியது. காவலர் ஊதியம் 18 சதவீதம் ஏறியது. டிராம் கண்டக்டர் அவர்களைவிட நாளுக்கு 50 சென்ட் கூடுதலாக வாங்கினார்.

வேலை நேரம் வாரத்துக்கு 75 முதல் 90 மணி. காவல் நிலையங்களிலேயே முறைபோட்டுத் தங்க வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முந்தைய கட்டடங்கள். கோர்ட் தெரு நிலையத்தில் 135 பேருக்கு நான்கு கழிப்பிடம், ஒரே ஒரு குளியல் தொட்டி. ஒருவர் எழுந்த படுக்கையில் அடுத்தவர் படுத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1906 சட்டப்படி பாஸ்டன் காவல் ஆணையரை நியமிப்பவர் மாநில ஆளுநர். சம்பளமும் கட்டடச் செலவும் நகரத்தின் தலையில், அதாவது மேயர் பொறுப்பில். ஆணையருக்குக் கட்டளையிடும் அதிகாரம் உண்டு, கஜானா இல்லை. மேயரிடம் கஜானா உண்டு, காவலர்மீது அதிகாரம் இல்லை. 1917-இல் காவலர்கள் ஆணையர் ஸ்டீபன் ஓமேராவிடம் போனார்கள். அனுதாபப்பட்டார், நல்ல நேரம் வரட்டும் என்றார். 1918 கோடையில் மறுபடியும் கேட்டார்கள். ஆண்டு முடியும் தறுவாயில் மேயர் ஆண்ட்ரூ பீட்டர்ஸ் ஒரு உயர்வை அறிவித்தார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் காவலருக்குத்தான் அது பயன்பட்டது. டிசம்பரில் ஓமேரா இறந்துபோனார். அவர் இடத்துக்கு முன்னாள் மேயர் எட்வின் அப்டன் கர்ட்டிஸ் வந்தார். படையில் பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். கர்ட்டிஸ் பழைய யாங்கி மேட்டுக்குடி, அதாவது ஆங்கிலேய வம்சாவளிப் புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் வட்டம். அந்த இடைவெளி எந்தப் பேச்சுவார்த்தையிலும் மறையவில்லை.

1919 ஜூனில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு காவலர் சங்கங்களைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. ஆகஸ்டில் பாஸ்டன் காவலர்கள் விண்ணப்பித்தார்கள். இரண்டே நாளில் கர்ட்டிஸ் தடை ஆணை போட்டார். தடையை மீறிச் சேர்ந்தார்கள். செப்டம்பர் 8 அன்று சங்கத் தலைவர்கள் 19 பேரை இடைநீக்கம் செய்தார். அன்றே வாக்கெடுப்பு: வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு 1,134, எதிர்ப்பு 2. மறுநாள் மாலை 5.45-க்கு, 1,544 பேர் கொண்ட படையில் 1,117 பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

ஊதியம் கேட்டவர்களை இரண்டு ஆண்டு அலைக்கழித்ததற்கு யார் பொறுப்பு? என் பதில்: பணத்தையும் அதிகாரத்தையும் வேறு வேறு கைகளில் வைத்த அந்த ஏற்பாடு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கடற்காகம்

ஏடு ஐயா, நீங்கள் அடுக்கிய குறைகளில் ஒன்றையும் மறுக்கவில்லை. 135 பேருக்கு ஒரு தொட்டி என்பது வெட்கக்கேடு. ஆனால் நான் கடை வைத்துப் பிழைப்பவன். அந்த இரவை நான் வேறு இடத்தில் நின்று பார்க்கிறேன்.

செப்டம்பர் 9 இரவு பாஸ்டன் கடைவீதிகளில் கண்ணாடிகள் உடைந்தன. செருப்பு, சட்டை, தொப்பி என்று கைக்கு வந்ததை அள்ளிப் போனார்கள். நகர நடுவிலுள்ள காமன் பூங்காவில் பகிரங்கமாகப் பகடைச் சூதாட்டம் நடந்தது. மறுநாள் மாநிலக் காவல்படை (காவல்துறை அல்ல, மாநிலத்தின் துணை ராணுவம்) வந்தது, தெற்கு பாஸ்டனில் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. எல்லாம் முடிந்தபோது 9 உயிர்கள் போயிருந்தன. கடைக்காரரும் செத்தவர்களும் அந்தக் காவலர்களின் சம்பளத்தைப் பிடித்து வைத்தார்களா? இல்லையே. இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவன் ஏன் சாக வேண்டும்?

இன்னொன்று. கர்ட்டிஸின் வாதத்தை நீங்கள் எழுதவே இல்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்த காவலர், நாளை அதே கூட்டமைப்பைச் சேர்ந்த இன்னொரு சங்கம் வேலைநிறுத்தம் செய்யும்போது ஆலை வாசலில் யார் பக்கம் நிற்பார்? 1919 சாதாரண ஆண்டு அல்ல. பிப்ரவரியில் சியாட்டில் நகரமே பொது வேலைநிறுத்தத்தில் நின்றுபோயிருந்தது. ஆணையர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

---

செம்பருத்தி

நான் காவலர் மகள். காவலர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். ஏடு ஐயா எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்: பாஸ்டன் காவலர்களின் குறைப் பட்டியலில், நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போகும் நேரத்துக்கு ஊதியம் இல்லை என்பதும் இருந்தது. படித்தவுடன் அப்பா முகம்தான் நினைவுக்கு வந்தது.

இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வருவார். பூட்ஸைக் கழற்ற மாட்டார், கழற்றினால் கால் வீங்கிவிடும், திரும்ப ஏறாது என்பார். முகத்தைக் கழுவிக்கொண்டு அதே சீருடையில் கோர்ட்டுக்குப் போவார். மதியம்வரை வராந்தாவில் நிற்பார். எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா வாங்கிவிடுவார். மாலை மறுபடியும் ரோந்து. அந்தப் பகல் எந்தப் பதிவேட்டிலும் வேலை நேரமாக ஏறாது. இப்படி எத்தனை பகல்களை வீட்டுக்குத் தராமல் அரசுக்குத் தந்தார் என்று அம்மாதான் கணக்கு வைத்திருந்தார்.

அதிகாரிகளுக்கு ஏவலாளாக இருப்பதை பாஸ்டன் காவலர்கள் கசப்போடு சொல்லியிருக்கிறார்கள். வரி பாக்கி நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது, விடுதிகளைக் கணக்கெடுப்பது, வாக்குச்சாவடியில் நிற்பது எல்லாம் அவர்கள் வேலையாகவே இருந்தன. நம் ஊரில் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டதாக அரசாணை இருக்கிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் கையிலெடுத்துக் கண்டிக்க வேண்டியிருந்தது.

கடற்காகம் அண்ணா, உங்கள் கடைக்காக நான் வருந்துகிறேன். ஆனால் "சம்பளத் தகராறு" என்ற சொல்லுக்குள் தூக்கம், குளியல், கக்கூஸ், மரியாதை எல்லாம் அடங்கியிருப்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

---

பழைய ஏடு

> இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவன் ஏன் சாக வேண்டும்?

கடற்காகம், சரியான கேள்வி. ஆனால் அதைக் காவலர்களிடம் மட்டும் கேட்பது சரியல்ல. செப்டம்பர் 9 மாலை ஊர் ஏன் காவலில்லாமல் கிடந்தது என்று பாருங்கள்.

வேலைநிறுத்தம் வரப்போகிறது என்பது முந்தைய நாளே எல்லோருக்கும் தெரியும். மேயர் பீட்டர்ஸ் பதறிப்போய் ஆணையரிடமும் ஆளுநர் கால்வின் கூலிட்ஜிடமும் போனார். மாநிலக் காவல்படையை முன்கூட்டியே அழைக்கச் சொன்னார். தன்னிடம் போதிய ஆட்கள் இருப்பதாகக் கர்ட்டிஸ் உறுதி கொடுத்தார். ஆளுநர் ஆணையர் பக்கம் நின்றார். அந்த "போதிய ஆட்கள்" யார்? பூங்காக் காவல் பிரிவிலிருந்து வர வேண்டியவர்களில் பலர் வர மறுத்துவிட்டார்கள். பதிவுசெய்திருந்த தன்னார்வலர்கள் மறுநாள் காலைதான் களத்துக்கு வந்தார்கள். நடுவில் ஒரு முழு இரவு. 10-ஆம் தேதி மேயர் ஒரு பழைய சட்டப் பிரிவைத் தேடிப் பிடித்து, நகருக்குள் இருந்த காவல்படைப் பிரிவுகளைத் தானே அழைத்தார். 11-ஆம் தேதி, அடங்கத் தொடங்கிய பிறகு, ஆளுநர் மாநிலம் முழுவதிலிருந்தும் படையை வரவழைத்துப் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. வால் பிடித்தவருக்குத்தான் புகழ் கிடைத்தது.

இன்னும் முக்கியம், வேலைநிறுத்தம் தவிர்க்கக் கூடியதாக இருந்தது. மேயர் அமைத்த குழு ஒன்று இருந்தது. தலைவர் ஜேம்ஸ் ஸ்டாரோ, பெரிய வங்கியாளர், தொழிலாளர் பக்கம் சாய்பவர் அல்ல. அந்தக் குழு சொன்ன வழி: காவலர்கள் கூட்டமைப்பிலிருந்து விலகட்டும், தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும், ஊதியத்தையும் வேலைச் சூழலையும் நடுவர் பார்க்கட்டும், சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் தண்டிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன ஆலை வாசல் பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது அல்லவா? ஊரின் பெரும்பாலான பத்திரிகைகள் ஏற்றன. மேயர் ஏற்றார். கர்ட்டிஸ் மறுத்தார். ஆளுநர் தலையிட மாட்டேன் என்றார். அதே நாளில்தான் அந்த 19 பேர் இடைநீக்கம்.

அதே ஆண்டு ஏப்ரலில் அதே பாஸ்டனில் தொலைபேசி இணைப்புப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியூ இங்கிலாந்து முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள். ஒரு வாரத்துக்குள் ஊதிய உயர்வு வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பேசி முடிக்கும் அதிகாரமுள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்தால் முடிந்துவிடுகிறது. காவலருக்கு எதிரே அப்படி யாரும் உட்காரவில்லை.

---

வழக்குக்கட்டு

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு சேர்க்கைகள்.

ஒன்று, நம் நாட்டு நிலை. அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவு காவல் படைகளின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்தது 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்வதே குற்றம். 1979-இல் பஞ்சாபில் தொடங்கிப் பல மாநிலங்களில் காவலர் கிளர்ச்சி பரவியது. ஆக, வாயைக் கட்டினால் கோபம் அடங்கிவிடும் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை மட்டுமே.

இரண்டு, "நகர நிர்வாகமும் காவலரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும்" என்ற ஏடு அவர்களின் கருத்து. அதற்கு 1975 சான் பிரான்சிஸ்கோவைப் பார்க்க வேண்டும். அங்கே ஆணையர், ஆளுநர் சிக்கல் எதுவும் இல்லை. சம்பளத்துக்கு நகரச் சாசனத்திலேயே சூத்திரம் இருந்தது. கலிபோர்னியாவின் பெரிய நகரங்களில் காவலருக்கு எங்கே அதிக ஊதியமோ, அதை உச்சமாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அப்படியே கொடுத்தும் வந்தார்கள். அந்த ஆண்டு கணக்குப்படி வந்தது 13 சதவீதம். நகர மேற்பார்வையாளர் மன்றம் 6.5 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஆகஸ்டு 18 அன்று காவலர்கள் வெளியேறினார்கள். நீதிமன்றத் தடையைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாளில் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்தார்கள். மேயர் ஜோசப் அலியோட்டோ வீட்டில் குண்டு வெடித்தது. எங்களை மிரட்டாதே என்று எழுதிய அட்டை புல்வெளியில் கிடந்தது.

21-ஆம் தேதி மன்றத்திடம் மேயர் இறங்கிவரச் சொன்னார். மன்றம் ஒருமனதாக மறுத்தது. அலியோட்டோ நெருக்கடி நிலையை அறிவித்து, மன்றத்தின் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டார். வழக்கு நடந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976-இல் அந்த உடன்பாடு செல்லும் என்றது.

---

கடற்காகம்

> கேட்டதைக் கொடுத்துவிட்டார்

இதைத்தான் நான் சொல்கிறேன் வக்கீல் சார். ஆயுதம் தாங்கிய ஊழியர் தெருவில் நின்று கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வார்கள்? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒருமனதாக வேண்டாம் என்றது, மூன்று நாளில் அது செல்லாக் காசாகிவிட்டது. பாஸ்டனில் காவலர் தோற்றார்கள், சான் பிரான்சிஸ்கோவில் ஜெயித்தார்கள். இரண்டு ஊரிலும் வரி கட்டுகிறவனை யாரும் கேட்கவில்லை.

---

வழக்குக்கட்டு

கேட்டார்கள் நண்பரே, பிறகு. அந்த நவம்பரில் நகர வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு, வேலைநிறுத்தம் செய்யும் காவலரையும் தீயணைப்பு வீரரையும் பணியிலிருந்து நீக்கும் விதியை நகரச் சாசனத்தில் சேர்த்தார்கள். மூன்று நாளில் கிடைத்த வெற்றிக்கு அவர்கள் கொடுத்த விலை அது. காவலர் பக்கம் பேசுபவர்கள் இதை மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

---

வரவு செலவு

நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இழை முழுக்கப் படித்தேன். நிர்வாகத்தின் பக்கம் பேச ஒருவர்கூட இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது. எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் என்றால் பெட்டி நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு கையை விரிப்பவர்கள் என்று நினைக்கிறீர்கள். பாஸ்டன் மேயர் பீட்டர்ஸின் நிலையைப் பாருங்கள். நகரத்தின் வருவாயில் பெரும்பகுதி சொத்து வரி. அந்த வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கே மாநிலச் சட்டமன்றம் வரம்பு வைத்திருந்தது. காவல் ஆணையரையும் மாநிலமே எடுத்துக்கொண்டது, வரி போடும் கையையும் மாநிலமே கட்டியது, சம்பளத்தை மட்டும் நகரம் கொடுக்க வேண்டும். ஏடு ஐயா, உங்கள் வாதத்தில் "மேயரிடம் கஜானா" என்று எழுதினீர்கள். அந்தக் கஜானாவின் இன்னொரு சாவியும் மாநிலத் தலைமைச் செயலகத்தில்தான் இருந்தது. உங்கள் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது, ஆனால் நகர நிர்வாகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து, இந்தக் காலம். காவலர் ஊதியம் என்பது மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை. அடிப்படை ஊதியத்தில் ஏற்றும் ஒவ்வொரு டாலரும் மிகைநேர ஊதியத்தில் ஏறும், ஓய்வூதியத்தில் ஏறும், ஓய்வூதிய நிதிக்கு நகரம் செலுத்தும் பங்கில் ஏறும். பேச்சுவார்த்தை அறையில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்று கையெழுத்திடுவார்கள். அதன் சுமை முப்பது ஆண்டு நிற்கும். கையெழுத்துப் போட்ட மேயர் அப்போது பதவியில் இருக்க மாட்டார்.

கலிபோர்னியாவில் வயேஹோ என்று ஒரு நகரம். ஏறக்குறைய 1,20,000 பேர். 2008 மே மாதத்தில் திவால் அறிவித்தது. நகரத்தின் பொது நிதியில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் காவல், தீயணைப்புச் செலவுக்கே போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தில் சாலை, நூலகம், பூங்கா எல்லாம். வீட்டு விலை சரிந்து வரி வருமானம் விழுந்தவுடன் தாங்க முடியவில்லை. யாருக்கு நட்டம்? நிதி வற்றியதும் அந்த ஊரில் காவலர் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது. பக்கத்து ஊரில் அதிகம் கொடுக்கிறார்கள், நமக்கும் அதே கொடு என்று எல்லா ஊரும் கேட்டால், எந்த ஊரின் வருமானத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சான் பிரான்சிஸ்கோ சூத்திரத்தில் நான் காணும் குறை அதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் மன்றம் எடுக்கும் முடிவுக்கு சான் பிரான்சிஸ்கோ வரி கட்டுகிறவர் பணம் தருகிறார்.

காவலருக்கு நல்ல ஊதியம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பஞ்சப்படி நிலுவைக்காக ஊழியர்கள் என் மேசைக்கு எதிரே நின்றபோது, தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியாமல் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தொகை எங்கிருந்து வரும் என்று கேட்பவரை ஈவிரக்கமற்றவர் என்று சொல்லிவிடாதீர்கள்.

---

செம்பருத்தி

வரவு செலவு ஐயா, உங்கள் மேசைக்கு எதிரே நின்ற வரிசையில் என் அப்பா போன்றவர்களும் இருந்திருப்பார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் பணம் இல்லாத நேரத்தில்கூடச் செய்யக் கூடியவை இருந்தன. ஒரு குளியல் தொட்டி இரண்டாவதற்கு ஓய்வூதியச் சுமை உண்டா? அதிகாரியின் ஏவல் வேலையை நிறுத்த நகரம் வரி உயர்த்த வேண்டுமா? அவற்றைச் செய்துவிட்டு, ஊதியத்துக்கு மட்டும் அவகாசம் கேட்டிருந்தால், 1,134 பேர் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டிருப்பார்களா?

---

பழைய ஏடு

செம்பருத்தி அம்மா கேட்ட கேள்விக்கு லண்டனில் ஓரளவு பதில் கிடைத்தது.

1918 ஆகஸ்டு 30 அன்று லண்டன் மாநகரக் காவலர்கள் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரதமர் லாயிட் ஜார்ஜ் மறுநாளே சங்கத் தலைவர் ஜேம்ஸ் மார்ஸ்டனை அழைத்துப் பேசினார். ஊதிய உயர்வு கொடுத்தார், இறந்த காவலரின் மனைவிக்கு ஓய்வூதியம் கொடுத்தார். பிறகு டெஸ்பரோ குழு உட்கார்ந்து நாடு முழுவதற்கும் காவலர் ஊதியத்தை ஒரே அளவாக்கியது, வாரத்துக்கு 70 ஷில்லிங் தொடக்க ஊதியம். அதுவரை ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் இஷ்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில், 1919 சட்டம் சங்கத்தைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக வேலைநிறுத்த உரிமை இல்லாத காவலர் கூட்டமைப்பை உருவாக்கியது. எதிர்த்து அந்த ஆகஸ்டில் மறுபடியும் வெளியேறியவர்கள், பெரும்பாலும் லண்டன், லிவர்பூல்காரர்கள், 2,300-க்கும் மேற்பட்டோர். ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை.

லண்டன் காவலரின் சங்கம் பறிபோனது, ஆனால் வயிற்றுப் பிரச்சினை தீர்ந்தது. அதைத் தீர்க்கும் அதிகாரம் முழுவதும் உள்ள ஒருவர் மேசைக்கு வந்தார். நான் முதலில் எழுதியதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்: அதிகாரமும் பணமும் ஒரே மேசையில் இல்லாத பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தையே அல்ல.

---

புதுநெல்

புதியவன், ஒரு சின்னக் கேள்வி. பாஸ்டனில் வெளியேறிய அந்த 1,117 பேர் என்ன ஆனார்கள்? பிறகு வேலை கிடைத்ததா?

---

பழைய ஏடு

வாருங்கள் தம்பி. கிடைக்கவில்லை.

சில நாட்களிலேயே அவர்கள் திரும்பி வரத் தயாராக இருந்தார்கள். தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் தந்தி அடித்தார்: திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைகளைப் பிறகு பேசலாம் என்று. செப்டம்பர் 14 அன்று கூலிட்ஜ் அனுப்பிய பதில்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது: பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை யாருக்கும், எங்கும், எப்போதும் இல்லை. ஜனாதிபதி உட்ரோ வில்சன் இந்த வேலைநிறுத்தத்தை நாகரிகத்துக்கு எதிரான குற்றம் என்றார். நகரத்தின் மற்றத் தொழிற்சங்கங்கள் ஆதரவாகப் பொது வேலைநிறுத்தம் பற்றிப் பேசின, கடைசியில் செய்யவில்லை.

கர்ட்டிஸ் புதிதாக ஆள் எடுத்தார். போரிலிருந்து திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர் சேர்ந்தார்கள். அதுவரை மாநிலக் காவல்படைதான் தெருக்களில் நின்றது, டிசம்பர் பிற்பகுதி வரை. அந்தச் செலவு ஒருபக்கம். இன்னொரு பக்கம், புதியவர்களுக்குத் தொடக்க ஊதியமே 1,400 டாலர், சீருடை இலவசம், விடுமுறையும் கூடுதல். பழையவர் ஆறு ஆண்டு உழைத்து எட்டிய தொகையைப் புதியவர் முதல் நாளே பெற்றார். வரவு செலவு ஐயா, இல்லை என்ற பணம் எப்படி வந்தது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

கூலிட்ஜ் அந்த நவம்பரில் பெரும் வித்தியாசத்தில் மறுபடியும் ஆளுநரானார். 1920-இல் துணை ஜனாதிபதி வேட்பாளர், 1923-இல் ஜனாதிபதி.

---

வரவு செலவு

> இல்லை என்ற பணம் எப்படி வந்தது

நேர்மையாகப் பதில் சொல்கிறேன். ஊர் எரிந்த பிறகு வரும் பணத்துக்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். எரிவதற்கு முன் அதே தொகைக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்டால் பத்துக் கேள்வி வரும். எல்லா நிதிநிலை அறிக்கையிலும் இதைக் கண்டிருக்கிறேன். இது நிர்வாகத்தின் நோய் என்றால் ஏற்கிறேன்.

ஆனால் நடுவர் முறையை மருந்தாகச் சொல்பவர்களுக்கு இன்றைய பாஸ்டனிலிருந்தே ஒன்று. 2013-இல் காவலர் சங்கத்துக்கும் நகரத்துக்கும் இழுபறியாகி நடுவரிடம் போனது. ஆறு ஆண்டுக்கு 25.4 சதவீத உயர்வு என்று தீர்ப்பு வந்தது. செலவு சுமார் 87 மில்லியன் டாலர். நிராகரிக்கும்படி மேயர் தாமஸ் மெனினோ நகர மன்றத்தைக் கேட்டுக்கொண்டார். மன்றமோ நடுவர் தீர்ப்பை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நடுவர் வாக்காளருக்குப் பதில் சொல்லும் கடமை இல்லாதவர். மன்ற உறுப்பினர்களோ "நடுவர் சொன்னார்" என்று அவர் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

---

வழக்குக்கட்டு

ஐயா, மன்றத்துக்கு மறுக்கும் உரிமை இருந்தது, அவர்கள் பயன்படுத்தவில்லை. அதில் முறையின் குறை என்ன? வேலைநிறுத்த உரிமையைப் பறித்தால் அதற்கு ஈடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். நடுவர் தீர்ப்பு அந்த ஈடு. நகரத்தின் கொடுக்கும் சக்தியை நடுவர் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைக்கலாம். நம் நாட்டில் உரிமையைப் பறித்துவிட்டோம், ஈடு எதுவும் கொடுக்கவில்லை. ஊதியக் குழு எப்போதாவது வரும், அதன் முன் காவலர் சார்பில் பேசுபவரும் உயர் அதிகாரிதான்.

---

கடற்காகம்

நடுவர் முறை, முன்கூட்டியே கெடு, கெடு முடியும்வரை பணியில் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சீருடை போட்டவர் ஊரை விட்டுவிட்டுப் போவதை மட்டும் ஏற்க மாட்டேன். அதில் நான் மாறப் போவதில்லை.

---

பழைய ஏடு

கடற்காகம், நீங்கள் மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு தகவலை விட்டுவிட்டேன், பலருக்குப் பயன்படும். பாஸ்டன் காவல்துறையின் கட்டுப்பாடு மறுபடியும் நகரத்தின் கைக்கு வந்தது 1962-இல்தான். ஆணையரை நியமிக்கும் அதிகாரம் மேயருக்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டில், 1965-இல், இன்றுள்ள காவலர் சங்கம் உருவானது. 2013-இல் மெனினோவும் அந்தச் சங்கமும் மோதிக்கொண்டார்கள், ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் காவலருக்கு இல்லை. தெருவிலும் ஒரு கண்ணாடி உடையவில்லை.

---

செம்பருத்தி

வக்கீல் அண்ணா, கோர்ட்டில் சாட்சிக்காகக் காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாகச் சேர்க்கும்படி நம் ஊரில் யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா? இருந்தால் விவரம் கொடுங்கள். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், என் தம்பி இப்போது அதே பணியில் இருக்கிறான்.